வீராயியின் கடப்பாரை

வீராயியிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய இடது பக்கம் உட்கார வேண்டும். வலது காது கேட்காது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் காய்கறி விற்பவர்கள்கூட இடப்பக்கமாக வந்து நின்றுதான் விலை சொல்வார்கள். அந்தக் காதுக்கு என்ன ஆயிற்று என்று புதிதாக யாராவது கேட்டால், "இடி எடுத்துகினு போச்சி. இன்னொண்ண வுட்டுட்டுப் போச்சில்ல, அதச் சொல்லு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்த அம்மாள் போன மாசியில் காலமானார். அவருடைய மகள் கண்ணகி, காது போன கதையை அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் மறித்துச் சண்டை போட்டுக்கொண்டே சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவர்தான் எனக்குச் சொன்னார். கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நாம், வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு கண்ணால் பார்க்காத ஊர்களோடு பேசுகிறவர்கள். யார் எந்த நாட்டைப் பிடித்தார், யார் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டினார் என்று ஓயாமல் பேசுகிறோம். அந்தக் கம்பிக்குக் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி என்றைக்காவது பேசியிருக்கிறோமா? வீராயிக்கு லைசென்ஸ் கிடையாது. தட்டித் தட்டிச் சேதி அனுப்பும் மோர்ஸும் தெரியாது. ஆனால் இடி தலைக்கு மேல் நிற்கும்போது ஓர் ஏரியலுக்கு எர்த் போட்டவர் அவர். வயிற்றில் பிள்ளையோடு!

வடலூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் வீராயி. அவருடைய அம்மா மாணிக்கம்மாள் நடவு நட்ட கழனிகள் நெய்வேலிச் சுரங்கத்துக்குள் போனதும், அம்மாவும் மகளும் காண்ட்ராக்டில் மண் சுமந்தார்கள். பழுப்பு நிலக்கரி வெளியே வரத் தொடங்கிய பிறகு வீராயிக்கு வேறு வேலை கிடைத்தது. அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டி எடுக்கும்போது ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கும். குவித்துப் போட்டு வெயிலில் காய விட்டால், யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். புகை எழும் இடத்தில் தண்ணீர் ஊற்றி அணைக்கிற பெண்களில் ஒருவராக அவர் இருந்தார். அந்த வாடை தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும் என்பாராம். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

மாமன் மகன் கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் பம்ப் எலெக்ட்ரீஷியன். கரிக்கு அடியில் பீறிட்டு நிற்கும் ஊற்று நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். அந்த மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பெர்மனென்ட் ஆனவுடன் கல்யாணம் நடந்தது. டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பின்வாசலைத் தாண்டினால் செம்மண் திடல். அதைத் தாண்டினால், சுரங்கத்தில் இறைத்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். எந்தக் கோடையிலும் வற்றாத அந்த வாய்க்காலில்தான் பிளாக்குப் பெண்கள் துணி துவைப்பார்கள்.

கொளஞ்சியப்பனுக்கு ரேடியோ பைத்தியம். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பட்டாளம் கழித்துப் போட்ட ரிசீவர் ஒன்றைப் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஒலிபரப்புக் கருவியைத் தானே கட்டினார். பின்புறம் ஒரு சவுக்கு மரத்தைக் கம்பமாக நட்டு, உச்சியில் கப்பி மாட்டிக் கயிறு கோத்து, அங்கிருந்து எதிரே இருந்த வேப்பமரம்வரை வீட்டுக்கு மேலாகச் செம்புக் கம்பி இழுத்தார். நடுவிலிருந்து ஒரு கம்பி ஜன்னலுக்கு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பலகையில் கைப்பிடி வைத்த கத்தி சுவிட்ச். கத்தியை மேலே தள்ளினால் ஏரியல் ரேடியோவோடு சேரும். கீழே தள்ளினால் ரேடியோவை விட்டு, தரைக்குப் போகும் எர்த் கம்பியோடு சேரும். மேகம் கட்டினால் கத்தி கீழே இருக்க வேண்டும். மின்னல் வந்தாலும் வீட்டுக்குள் வராமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும். நமக்கெல்லாம் முதல் பாடம் அதுதானே.

பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாம்பாளுக்கு இந்தக் கம்பியைக் கண்டாலே ஆகாது. திருவதிகைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிளாக்கிலேயே நீளமான நாக்கு.

"ஏண்டி வீராயி, உம் புருசன் டொக்கு டொக்குனு தட்டிகினே கெடக்கானே, யாருகூடடி பேசறான்? ரஷ்யாக்காரிகூடவா?"

"ஆமாங்க்கா. அவளுக்கும் ஒரு சக்களத்தி வேணுமாம். உங்களக் கேட்டுச் சொல்றன்னாரு."

"போடி இவள! இடி வுழுந்தா எங் கூரதான் மொதல்ல போவும், பாத்துக்க."

"வுழாதுங்க்கா. எங்க மாமா எர்த்து போட்டுக்கிறாரு."

அந்த எர்த் போட்ட கதை இது. குழி வெட்டி, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆள் உயரக் குழி கொளஞ்சியப்பன் தானே வெட்டினார். உப்பு வந்துவிட்டது. அடுப்புக்கரி மூட்டைக் கணக்கில் வேண்டும்.

"பண்ருட்டி போயி வாங்கியாறணும் புள்ள" என்றாராம்.

வீராயி சிரித்திருக்கிறார். "நெய்வேலியில குந்திகினு கரி வாங்க பண்ருட்டி போற மொத ஆளு நீங்கதான் மாமா. ரோட்டுல லாரியில இருந்து வுழுந்து கெடக்கு, கூடையில அள்ளியாறேன்."

கொளஞ்சியப்பன் கொஞ்சம் யோசித்தார். வேலை பார்க்கும் இடத்தில் கூட்டாளிகளைக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவும் கரி, இதுவும் கரி, பூமிக்குள் போட்டால் என்ன வித்தியாசம்? வீராயி கூடை கூடையாகப் பழுப்புக் கரி பொறுக்கி வந்து கொட்டினார். கொளஞ்சியப்பன் உப்பு போட்டார். இருவருமாக மிதித்துக் கெட்டித்து, மேலே ஒரு சாண் மண் போட்டு மூடினார்கள்.

படிக்கும்போதே உங்களுக்குப் பதறுகிறதா? எனக்குப் பதறியது. அடுப்புக்கரி ஏற்கெனவே எரிந்து முடிந்தது, மின்சாரத்துக்கு வழிவிடும். பழுப்புக் கரி இன்னும் எரியாதது. ஈரம் இருக்கும்வரை ஏதோ கொஞ்சம் கடத்தும். காய்ந்தால் ஒன்றும் கடத்தாது. காய்ந்தால் அது என்ன செய்யும் என்பது நெய்வேலியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் குழிக்குள் போட்டு மூடியதும் அவர்கள் இருவருக்கும் அது கரியாக இல்லை, எர்த் ஆகிவிட்டது. கரிக்குவியலில் தண்ணீர் ஊற்றிப் பிழைத்த வீராயிக்கும் அந்தக் குழிக்குத் தினம் தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தத் தப்பு வந்திருக்கவே முடியாது. அவர்களுக்கு அந்தக் கரி ரோட்டில் கிடைக்காது.

கணவர் ஷிப்டில் இருக்கும்போது மேகம் கட்டினால் கத்தியை இறக்குவது வீராயியின் பொறுப்பு. ஒரு காய்ந்த புளியங்கொம்பால் தள்ளுவார். அதோடு நிற்க மாட்டார். இடி இடித்தால் வாசலில் இரும்பைப் போட வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். குழி வெட்டிய அதே கடப்பாரையைத் தூக்கிப் பின்வாசலில் எறிந்துவிட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்.

"நான் எர்த்து போட்டுக்கிறேன், நீ கடப்பாரையப் போட்டுகினு இருக்கிற" என்று கொளஞ்சியப்பன் கிண்டல் செய்வார்.

"உங்க எர்த்து உங்களுக்கு, எங் கடப்பாரை எனக்கு."

அந்த வருஷக் கோடை நீண்டுகொண்டே போனது. ஆவணி, புரட்டாசியிலும் மழை இல்லை. சில காலைகளில் குழி இருந்த இடத்திலிருந்து மெல்லிய ஆவிபோல எழுவதை வீராயி பார்த்திருக்கிறார். பனி என்று நினைத்துக்கொண்டார். ஐப்பசி பிறந்து முதல் இடிமழை வந்தபோது கத்தி கீழேதான் இருந்தது. அப்படியும் சுவிட்ச் பலகையில் நீலமாகச் சொடுக்கு சொடுக்கென்று பொறி பறந்தது. ஜன்னல் கம்பியைத் தொட்டவருக்குக் கை சுரீரென்றது. ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னார். "காத்துல கரண்ட்டு இருந்தா அப்பிடித்தான் புள்ள" என்று அவர் போய்ப் படுத்துவிட்டார்.

ஆனாலும் மனதில் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். மறுநாள் ஏரியலைக் கீழே இறக்கிவிடலாம் என்று கயிற்றை அவிழ்த்தார். மழையில் ஊறிய கயிறு கப்பிக்குள் சிக்கிக்கொண்டது. மேலும் வரவில்லை, கீழும் வரவில்லை. கம்பத்தில் ஏறினார். சவுக்கு மரம் மழைக்கு வழுக்கிற்று. பாதியில் கால் நழுவி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கூட்டாளிகள் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். இருந்தது ஒரே அறை. கட்டில் ஜன்னலோரம், ரேடியோ மேஜைக்குப் பக்கத்தில். அவர் தலைக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கத்தி சுவிட்ச். அதற்கு மேலே யாராலும் இறக்க முடியாத கம்பி. கம்பத்தில் ஏற இன்னொருவர் துணியவில்லை. வயர்மேன் ஒருவர் ஏணியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவர் வருவதற்குள் மேகம் வந்துவிட்டது.

மதியச் சோறு முடிந்த நேரம். ஆண்கள் எல்லோரும் இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். மேற்கே மை பூசியதுபோல் கறுத்தது. காற்று நின்றது. வீராயி புளியங்கொம்பை எடுத்துக்கொண்டு பின்புறம் ஓடினார். ஏழு மாதம். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கத்தியைக் கீழே தள்ளினார். தள்ளிய இடத்தில் பொறி நிற்கவே இல்லை. எர்த் கம்பியே தேன்கூடுபோல் இரைந்தது.

"மாமா! கத்தி கீழதான் கீது, ஆனா கம்பி கத்துது மாமா!"

உள்ளே கொளஞ்சியப்பன் அந்த இரைச்சலைக் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"குழிய பாரு. குழாயத் தொடாத, கொம்பால ஆட்டிப் பாரு."

கொம்பால் தட்டினார். இரும்புக் குழாய் ஆடுகிற பல்லைப் போல ஆடியது. மண்ணை விலக்கினார். ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்து கவிழ்த்தார். சொய்ங்கென்று வெள்ளை ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாடை! எத்தனை வருஷம் குவியல் குவியலாக அணைத்த அதே வாடை. கையில் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா... எரியுது. குழிக்குள்ள கரி எரிஞ்சிகினு கீது. சாம்பலா கெடக்கு."

குடத்தை வீசிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"மாமா!"

"வீராயி" என்றார் கொளஞ்சியப்பன். குரல் மாறியிருந்தது. "எர்த்து இல்ல. இடி எறங்குனா நேரா இங்கதான் பாயும். நீ ராஜாம்பா வூட்டத் தாண்டி அந்தக் கடைசிக்குப் போயிடு. போ."

வீராயி உள்ளே ஓடிக் கட்டிலைப் பிடித்து இழுத்தார். அது ஒரு சாண் நகர்ந்து மேஜைக்காலில் முட்டியது. கொளஞ்சியப்பன் வலியில் அலறினார். அந்தக் கட்டில் வாசல் வழியாகப் போகாது, உள்ளேயே வைத்துப் பூட்டிய கட்டில். கட்டோடு ஓர் ஆளை அவரால் தூக்கவும் முடியாது. வெளியே ஓடினார், வெட்டரிவாளோடு. இறங்கி வரும் கம்பியை வெட்டிவிடலாம் என்று.

"வெட்டாத! வெட்டினா அந்தரத்துல தொங்கும், செவுத்து மேலயே பாயும். அதுக்குப் போக ஒரு வழி வேணும்டி. வழிதான் இல்ல!"

"பூமியில கெடந்த தண்ணியெல்லாம் நீங்கதான இறைச்சி வாய்க்கால்ல வுட்டீங்க!" என்று அழுதுகொண்டே கத்தினார் வீராயி. கத்திய வாயோடு வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே கரை முழுக்க ஈரம். சேறு. கோடையிலும் காயாத சேறு.

"மாமா, வாய்க்கா ஓரத்துல அடிச்சா?"

"எதை அடிப்ப? குழாய் ஏது?"

பின்வாசலில், போன மழைக்கு எறிந்த இடத்திலேயே, கடப்பாரை கிடந்தது.

கட்டிலில் கிடந்தவருக்கு ஒரு நொடியில் எல்லாம் ஓடியிருக்கிறது. கம்பிக்கு? துணிக்கொடி! திடலின் குறுக்கே துணி காயப்போட இழுத்துக் கட்டிய கெட்டி இரும்புக் கம்பி. அவர் ஜன்னல் வழியாகக் கத்தக் கத்த, இவர் செய்தார். கொடியில் ராஜாம்பாளின் துணியும் தொங்கியது. கட்டிங் பிளேயரால் அப்படியே அறுத்துத் தள்ளினார்.

"அடிப்பாவி! எம் பொடவ!" வாய்க்காலிலிருந்து ராஜாம்பாள் ஓடி வந்தார், கையில் அடித்துத் துவைக்கிற கட்டையோடு. இன்னும் சில பெண்கள் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அலசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் மேல ஏறுங்க! வாய்க்கால வுட்டு ஓடுங்க! இடி வருதுங்க்கா, எங்க எர்த்து எரிஞ்சி போச்சி!"

"எர்த்து எரியுமாடி? வாயிம் வயிறுமா இருந்துகினு உனக்குப் பித்து புடிச்சிப் போச்சா?"

"எங்க மாமா ஜன்னல்ல கெடக்குறாருங்க்கா. தூக்க முடியல. செத்துப் போயிடுவாரு."

ராஜாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி ஒரு கத்து கத்தினார் பாருங்கள், கண்ணகி அதைச் செய்து காட்டியபோது எனக்கே எழுந்து ஓடத் தோன்றியது. "ஏறுங்கடி மேல! துணி கெடக்கட்டும், உசுரு போனா எவ துவைப்பா!" பெண்கள் சிதறி ஓடினார்கள்.

"கடப்பாரைத் துருவச் சொரண்டு! வெள்ளை இரும்பு தெரியணும்!" என்று ஜன்னல் கத்தியது.

வீராயி அரிவாளால் சுரண்டினார். கொடிக்கம்பியைக் கடப்பாரையின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினார். கட்டிங் பிளேயரால் முறுக்க முறுக்க உள்ளங்கை கிழிந்தது. கடப்பாரையைச் சேற்றில் நிறுத்தினார். அடிக்க வேண்டும். கணவரின் சம்மட்டியைத் தூக்கினார், வயிறு இழுத்துப் பிடித்தது, அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

"குடுடி இங்க" என்று ராஜாம்பாள் சம்மட்டியைப் பிடுங்கினார். "நீ புடிச்சிக்க, நான் அடிக்கிறேன். கை மேல பட்டா என்னைக் கேக்காத."

பிடித்தார். அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் ராஜாம்பாள் கொளஞ்சியப்பனை ஒரு வசவு வைதார். "ரஷ்யாக்காரி... கூட... பேசறானாம்... பேச்சு..." கடப்பாரை முழம் முழமாக இறங்கியது. மண்ணுக்கு மேல் ஒரு சாண் நிற்கும்போது முதல் மின்னல் சுரங்கத்துப் பக்கம் வெட்டியது. இடி உடனே வந்துவிட்டது.

"போதும்! வுட்டுட்டு வா! கம்பியோட இந்த முனைய எர்த்துக் கம்பியில மாட்டு. கையால தொடாத! கொம்புல மாட்டித் தூக்கி மாட்டு. மாட்டினதும் திரும்பிப் பாக்காம ஓடு!"

மண்ணுப் பக்கத்தை முதலில் கட்டி, ஏரியல் பக்கத்தைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் நண்பர்களே, இடிக்கு நடுவில் இதை யாரும் செய்யாதீர்கள். கடப்பாரை நட்ட ஈர மண்ணில் நிற்பதே சாவு. ஒரு கடப்பாரை நேர் இடியைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீராயிக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். கை சுரீரென்ற அன்றைக்கே தெரியும். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கொம்பின் நுனியில் கம்பியைக் கொக்கியாக வளைத்துத் தொங்கவிட்டு ஜன்னலை நோக்கி நடந்தார். மழை இன்னும் விழவில்லை, கொம்பு காய்ந்திருந்தது. எட்டி மாட்டப் போனபோது ஒரு விரல் நீளத்துக்கு நீலப்பொறி தாவியது. கொக்கி நழுவி விழுந்தது. மறுபடி. கொம்பை எட்டி நீட்டினார். மறுபடி விழுந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் இவர் முகம், நடுவில் இரைகிற கம்பி.

"போதும் வீராயி" என்றார் மெதுவாக. "போயிடும்மா. புள்ளையக் காப்பாத்து."

"வாய மூடிகினு படுங்க மாமா."

மூன்றாம் தடவை கொக்கி மாட்டிக்கொண்டது.

இரைச்சல் நின்றது. அந்த ஒரு நொடிதான் அம்மா வாழ்க்கையிலேயே பெரிய நொடி என்று கண்ணகி சொன்னார். பொறி இல்லை, சத்தம் இல்லை. கம்பி வெறும் கம்பியாகத் தொங்கியது. வீராயி அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ராஜாம்பாள் ஓடி வந்து கொண்டையைப் பிடித்துத் தரதரவென்று தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் வாசற்படியில் கால் வைக்கவும், உலகம் வெள்ளையாகிவிட்டது.

வீராயி கண் திறந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் மழைக்குச் சத்தமில்லை. கொடிக்கம்பி இருந்த இடத்தில் திடல் நெடுக ஒரு கறுப்புக் கோடு, அதில் உருகிய இரும்பு மணி மணியாகச் சிதறிக் கிடந்தது. வாய்க்கால் ஓரம் ஆவி எழுந்தது. சவுக்குக் கம்பம் உச்சியிலிருந்து பிளந்து நின்றது. சுவிட்ச் பலகை கரிந்து போயிருந்தது. ஜன்னல் புகையால் மூடியிருந்தது.

எழுந்து நடந்தார். ராஜாம்பாள் ஏதோ சொல்லிக்கொண்டே கூட வந்தார், வாய் மட்டும் அசைந்தது. ஜன்னலில் கை வைக்கப் பயந்து எட்டி நின்று உள்ளே பார்த்தார். கட்டிலில் கொளஞ்சியப்பன் கிடந்தார். மேலெல்லாம் உதிர்ந்த சுண்ணாம்பு. கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? புகை. தெரியவில்லை. காற்றடித்துப் புகை விலகியது. வாய் அசைந்தது. திறந்து மூடித் திறந்து மூடி, அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியப்பன் இறப்பதற்குமுன் மகளிடம் இதைப் பற்றிச் சண்டை போடாமல் பேசியது ஒரே ஒரு தடவையாம். "இடி வுழுந்தப்பகூட நான் அவ்ளோ பயப்படல கண்ணகி. அதுக்கப்புறந்தான். உங்கம்மா ஜன்னல்ல நிக்கிறா. கண்ணு தெறந்து கீது. ரத்தம் காதுல இருந்து தோளுக்கு எறங்குது. நான் வீராயி வீராயின்னு கத்துறேன். பதிலு இல்ல. நின்ன நெலையிலயே செத்துட்டாளோன்னு நெனச்சேன். எழுந்து போவக் காலும் இல்ல."

எவ்வளவு நேரம் அப்படி என்று இருவருக்கும் தெரியாது. கடைசியில் வீராயி, தன் குரல் தனக்கே கேட்காமல், பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தினாராம்.

"கொஞ்சம் சத்தமாத்தான் கூப்புடுங்களேன் மாமா!"

மார்கழியில் கண்ணகி பிறந்தார். இடது காதுக்குச் சத்தம் மெல்ல மெல்லத் திரும்பியது, வலது திரும்பவில்லை. கூட்டாளிகள் கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். குழியைத் தோண்டியபோது அடியில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்று தலையாட்டியவர்களே தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகு கொளஞ்சியப்பன் முதல் காரியமாகப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார், அடுப்புக்கரி வாங்க.

புதுக் குழிக்கு வீராயி தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ராஜாம்பாள் தாண்டிப் போகும்போதெல்லாம் கேட்பார், இடப்பக்கமாக வந்து நின்று: "என்னாடி, இன்னிக்கி ஊத்தினியா இல்லியா?"

"ஊத்திட்டேங்க்கா."

"இன்னொரு கொடம் ஊத்து. எம் பொடவைக்கு."